இன்ஸ்பெக்டர் தேவசகாயத்தின் செத்தவீடு

குருநகர் சிமியோன் கிழமை முழுக்க ஓட்டோக்காரர். சனிக்கிழமைகளில் மட்டும் துப்பறியும் இன்ஸ்பெக்டர் தேவசகாயம். பதினொரு வருடமாக உள்ளூர் டிவி நாடகத்தில் கள்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதனால் ஓட்டோவில் ஏறுகிற சனமெல்லாம் முறைப்பாட்டோடுதான் ஏறும். மானிப்பாய்க்குப் போன ஒரு பெண், தன் காணாமற்போன கோழியின் கதையை வழிநெடுகச் சொல்லிவிட்டு, "எப்ப சேர் பிடிப்பியள்?" என்று கேட்டார்.

"விசாரிக்கிறம்" என்றார் சிமியோன். வேறு என்னத்தைச் சொல்வது? சொந்த ஓட்டோச் சாவியையே மனைவி கத்தரீனாதான் தேடிக் கொடுக்க வேண்டும்.

நாடகத்தில் அவர் பிடித்த ஒரு மீன் கள்ளனால்தான் வினை வந்தது. எட்டு வருடத்துக்கு முன், அந்தக் கள்ளனாக நடித்தவனுக்கு நடை பழக்கியது சிமியோன். வலது காலை இழுத்து நடப்பது, பேசிமுடிய மூக்கைத் தேய்ப்பது எல்லாமே பாசையூரில் இருக்கும் அண்ணை இன்னாசித்தம்பியின் பழக்கங்கள். சும்மா பகிடிக்குத்தான். ஊரே சிரித்தது; அண்ணை சிரிக்கவில்லை. அன்றோடு கதை பேச்சு நின்றது. சிமியோன் மூன்று தரம் அண்ணையின் வேலிப் படலை வரை போனார். அங்கே நின்று என்ன சொல்வதென்று யோசித்து யோசித்து, ஒன்றும் பிடிபடாமல் திரும்பி வந்தார்.

இப்போது நாடகம் முடியப்போகிறது. தேவசகாயத்தைச் சாகடிப்பதென்று இயக்குநர் செந்தூரன் முடிவெடுத்தான். செத்தவீட்டைச் சிமியோனின் வீட்டிலேயே எடுக்கலாம் என்றான். முதல்நாளே வீட்டுக்குப் போகும் ஒழுங்கை முகப்பிலிருந்து பாசையூர்ச் சந்தி வரை கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒட்டியாயிற்று. பெயர் தேவசகாயம்தான். ஆனால் படம் சிமியோனுடையது. அஞ்சலி நோட்டீஸில் ஆர் பெயரை வாசிக்கிறார்கள்? முகத்தைக் கண்டதும் செத்தவீட்டுக்குச் சைக்கிளைத் திருப்பிவிடுவார்கள்.

ஞாயிறு பின்னேரம் சிமியோன் கோட்டும் சூட்டுமாய்ச் சவப்பெட்டிக்குள் படுத்திருந்தார். விரல்களில் செபமாலை, வெளியே பான்ட் வாத்தியம். அழவேண்டிய கத்தரீனா இரண்டு தரம் சிரித்துவிட்டதால், மூன்றாம் தரம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்போது படலை திறந்தது. ஒரு கால் இழுபட்டு இழுபட்டு வந்தது. கண் மூடியிருந்தாலும் அந்த நடையைச் சிமியோனுக்குத் தெரியாதா?

"டேய் சிமி, எழும்படா."

"ஆர் இந்த ஐயா? நல்லாச் செய்யிறார். கமராவை நிப்பாட்டாதை" என்று செந்தூரன் குசுகுசுத்தான்.

எழும்பினால், ஊர் முன்னால் இரண்டாம் தரமும் அண்ணையைப் பகிடிக்கு ஆளாக்கியதாகப் போய்விடும். எழும்பாவிட்டால் அது அதைவிடப் பெரிய பாவம். பதினொரு வருடத்தில் ஒரு வழக்கும் சிமியோனை இப்படித் திணறடித்ததில்லை. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

"படலையடியிலை வந்து நிண்டனியெல்லோ. மூண்டு தரமும் கண்டனான். நான் கூப்பிட்டிருக்கலாம்" என்றார் இன்னாசித்தம்பி. "கூப்பிடேல்லை. என்ரை பிழை."

பிணத்தின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. அண்ணை குனிந்து பார்த்தார். பிறகு அதே கன்னத்தில் அறை ஒன்று விழுந்தது.

"உயிரோடை கிடக்கிறியோ, நாயே?"

"நாடகம், அண்ணை."

"எது நாடகம்?"

பான்ட்காரர் வாசிப்பதா விடுவதா என்று தெரியாமல் பாதி மெட்டில் நின்றார்கள். "ஐயா, அந்த அழுகையை இன்னொருக்கால்..." என்று செந்தூரன் ஆரம்பித்தான். இன்னாசித்தம்பி பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிக்கொண்டான்.

அண்ணை மூக்கைத் தேய்த்தார். படலையை நோக்கி நடந்தார். செத்தவீட்டில் 'போட்டு வாறன்' என்று, திரும்பி வருவதாகச் சொல்லி விடைபெறும் வழக்கம் இல்லை. அண்ணை பேசாமல் போவது அந்த வழக்கத்தாலா, கோபத்தாலா? சிமியோன் பெட்டிக்குள் எழும்பி உட்கார்ந்து அவர் முதுகையே பார்த்தார்.

படலையில் கை வைத்தபடி இன்னாசித்தம்பி திரும்பாமலே சொன்னார்: "போட்டு வாறன்."

"ஓம் அண்ணை" என்றது பிணம்.