லத்தா வரை வந்த லண்டன் பயணம்

எந்த ஊரிலும் நான் இரண்டாவது மழைக்காலத்தைப் பார்த்ததில்லை. பழைய ரங்கூனான யாங்கோனில் மட்டும் பார்த்தேன். அதற்குக் காரணம் ஒரு மூட்டை. அதுவும் என்னுடைய மூட்டை அல்ல.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கியாக்தானில் ஆற்று நடுவே இருக்கும் பகோடாவுக்கு ஆள் ஏற்றும் படகில் கொஞ்ச காலம் இருந்தேன். அங்கிருந்து யாங்கோன் வரும் பஸ்ஸில் வாசலில் தொங்கிக்கொண்டு கொஞ்ச காலம். பிறகு தெற்கே மீன்பெட்டிகள் சுமந்து கொஞ்ச காலம். பசித்த ஊரும் உண்டு, வயிறு நிறைந்த ஊரும் உண்டு. இரண்டிலிருந்தும் ஒரே மாதிரிதான் கிளம்பினேன். மழை விட்டுத் தரை காய்ந்தால் கால் தானாக நடக்கும்.

யாங்கோனில், கியாக்டடா பக்கம், ஒரு தமிழர் தோசைக் கடையில் தட்டுக் கழுவச் சேர்ந்தேன். கல்லுக்கு முன்னால் நின்றவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். நான் அண்ணே என்பேன். மெலிந்த ஆள். தோசையைத் திருப்பும்போது மட்டும் தோள் அகலமாகிவிடும். அவரிடம் ஒரு சட்டுவம் இருந்தது. பிடி தேய்ந்து, அவர் உள்ளங்கையின் குழிக்கு ஏற்றபடி வளைந்துபோன இரும்புச் சட்டுவம். அதை வேறு யாரும் தொட்டு நான் பார்த்ததில்லை.

முதலாளியின் தம்பி லண்டனுக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து கட்டிய கூட்டை விட்டு விலகுவது என்று சீமையின் சனங்கள் அதற்கு முன்பே ஓட்டுப் போட்டிருந்தார்கள். விலகிவிட்டால் ஐரோப்பாவிலிருந்து வந்து வேலை செய்பவர்கள் குறைவார்கள், நம் பக்கத்துச் சமையல்காரர்களை உள்ளே விடுவார்கள் என்று அங்கே ஒரு பேச்சு. "கடை மாஸ்டரை நான் கூப்பிட்டுக்கிறேன்" என்று தம்பி போனில் சொல்லிவிட்டார். மாஸ்டர் அந்த ஒரு வாக்கியத்துக்குள் குடிபோய்விட்டார். பாஸ்போர்ட்டுக்கு அலைந்தார். உன் தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்று ஒவ்வொரு மேசையிலும் கேட்டார்களாம். துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர் எந்தக் கப்பலில் வந்தார் என்று யார் எழுதி வைத்தார்கள்? எப்படியோ பாஸ்போர்ட் கிடைத்தது.

சீமை விலகும் தேதி நெருங்கியபோது மாஸ்டர் பஞ்சாங்கம் பார்ப்பவரிடம் போனார். தேதிக்குச் சில நாள் முந்தி ஒரு நல்ல வேளை இருக்கிறது, அதை விட்டால் மேற்குத் திசைக்கு வெகுநாள் வேளை இல்லை என்றார் அவர். ஆனால் சீமை இன்னும் விலகவில்லையே, எப்படிப் போவது? அதற்குத்தான் பரஸ்தானம். நல்ல வேளையில் கிளம்ப முடியாதவர் தனக்குப் பதிலாக ஒரு மூட்டையைக் கிளப்பி, போகிற திசையில் இருக்கும் ஒரு வீட்டில் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டது என்று கணக்கு. பிறகு ஆள் போகும்போது எடுத்துக்கொள்ளலாம்.

"மேற்கே நமக்கு யாருடா இருக்கா?" என்று என்னைப் பார்த்தார் மாஸ்டர். "நீதான்."

என் அறை லத்தாவில், சீனர்களின் மொத்தக்கடைகள் நிறைந்த சந்தில், தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. கடைக்கு மேற்கே நடந்து போகிற தூரம். ஒரு காலை, வெயில் இன்னும் மஞ்சளாக இருந்தபோது, மாஸ்டர் மஞ்சள் துணி மூட்டையைக் குழந்தையைப் போல நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படியேறி வந்தார். உள்ளே ஒரு புதுக் கைலி, ஒரு வெள்ளைச் சட்டை, ஒரு பிடி அரிசி, மஞ்சள். கடைசியாக இடுப்பிலிருந்து சட்டுவத்தை உருவி அதையும் உள்ளே வைத்து முடிந்தார்.

"அண்ணே, அது எதுக்கு? நாளைக்கு எதால திருப்புவீங்க?"

"தன்னோட பொருள் இருந்தாத்தான் மூட்டைக்கு ஆள் அடையாளம் தெரியும். கொஞ்ச நாள்தானே." பிறகு விரலை நீட்டிச் சொன்னார்: "இது மேற்கே போகலாம். கிழக்கே திரும்பி வரக்கூடாது. அறைய காலி பண்ணிப் பூட்டக்கூடாது. பிரிச்சு ஏதாச்சும் எடுத்தா பயணம் முறிஞ்சிடும். பாத்துக்க."

பார்த்துக்கொண்டேன். அதுவரை யாரும் என்னிடம் எதையும் பார்த்துக்கொள் என்று கொடுத்ததில்லை.

அங்கே பார்லிமெண்டில் மாலை ஓட்டு நடந்தால் இங்கே விடிகாலையில் செய்தி வரும். கல் காய்கிற நேரம் அது. முதலாளி போனைத் தூரமாகப் பிடித்து வாசிப்பார். டாக்ஸி ஓட்டும் பாய் ஒருவர் முதல் தோசைக்கு வந்து உட்கார்ந்திருப்பார்.

"நேத்தும் தோத்துப்போச்சு," என்பார் முதலாளி.

"எது?"

"போறது. இந்த ஒப்பந்தத்தோட போக வேண்டாமாம்."

"அப்ப இருக்கட்டும்."

"இருக்கவும் வேணாமாம். ஒப்பந்தமே இல்லாம போகவும் வேணாமாம். வரிசையா வச்சுக் கேட்டிருக்காங்க, எல்லாத்துக்கும் வேணாம்னுட்டாங்க."

பாய் தேநீரை வைத்துவிட்டுக் கேட்டார்: "நம்மள இத்தன வருஷம் ஆண்டது இவனுங்கதானா, இல்ல வேற ஆளா?"

கடையே சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. புதுச் சட்டுவத்தால் தோசையின் ஓரத்தை நெம்பிக்கொண்டிருந்தார். அது கிழிந்தது.

தேதி தள்ளிப்போனது. பிறகு இன்னொரு தேதியும் தள்ளிப்போனது. அங்கே அவர்கள் கூட்டமைப்பிடம் தவணை கேட்டார்கள். இங்கே மாஸ்டர் பஞ்சாங்கக்காரரிடம் தவணை கேட்டார். ஒவ்வொரு தவணைக்கும் அவர் ஓர் எலுமிச்சம்பழம் மந்திரித்துக் கொடுப்பார். மாஸ்டர் அதை என்னிடம் கொடுத்தனுப்புவார், நான் மூட்டையின் மேல் வைப்பேன். பழம் காய்ந்து கறுத்து உள்ளே விதை குலுங்கும்போது அடுத்தது வரும்.

இதற்கிடையில் எனக்கு மௌல்மீனில் இருந்து ஆள் சொல்லி அனுப்பினார்கள். படகு வேலை, தங்க இடம். கால் அரிக்கத் தொடங்கிவிட்டது. மாஸ்டரிடம் மெதுவாகச் சொன்னேன்.

"போ, யாரு வேணாம்னா?" என்றார். "மூட்டைய மேற்கே யார்கிட்டயாச்சும் குடுத்துட்டுப் போ. உனக்கு மேற்கே யாரத் தெரியும்?"

என் சந்துக்கு மேற்கே எனக்கு ஆறுதான் தெரியும். மௌல்மீன் கிழக்கே. நான் போகவில்லை.

யாங்கோனில் எனக்கு இரண்டாவது மழை பிடித்துக்கொண்டது. யாங்கோன் மழை பெய்வது அல்ல, குடியிருப்பது. தகரத்தில் அது விழுந்துகொண்டே இருக்கும். பிறகு சத்தம் என்பதே மறந்துபோகும். மதிய ஓய்வில் படுத்தபடி மூலையில் இருக்கும் மஞ்சள் மூட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஈரக் காற்றில் அது கொஞ்சம் உப்பும், வெயில் வந்தால் அடங்கும். மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். கீழே சீனக் கோயிலின் ஊதுவத்திப் புகை படி வழியாக ஏறி வந்து அதைச் சுற்றிவிட்டுப் போகும்.

அந்த மழையில் எனக்கு ஒரே கனவு திரும்பத் திரும்ப வந்தது. அந்தப் பார்லிமெண்டில் ஆம் என்பவர்கள் ஒரு வாசல் வழியாகவும் இல்லை என்பவர்கள் இன்னொரு வாசல் வழியாகவும் நடந்து போய் எண்ணப்படுவார்கள் என்று முதலாளி ஒருநாள் சொன்னார். கனவில், முதலாளியின் போனில் பார்த்த அந்தப் பச்சை இருக்கைகளுக்கு நடுவே முழங்கால் அளவு தண்ணீர். கோட்டுப் போட்டவர்கள் கைலியைத் தூக்குவது போலக் காற்சட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு வாசல் வழியாகப் போய் இன்னொன்று வழியாகத் திரும்பி வருகிறார்கள். நடுவில் மாஸ்டர் மூட்டையோடு நிற்கிறார். எந்த வாசல் என்று யாரையோ கேட்கிறார். அவர்கள் மரியாதையாக, தெரியாது என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் நடக்கிறார்கள். விழித்தால் மழை. மூட்டை அங்கேயே இருக்கும்.

ஒரு மதியம் அண்ணி, மாஸ்டரின் மனைவி, குடையை மடக்கியபடி படியேறி வந்தார். தூக்குவாளியில் சோறு கொண்டுவந்திருந்தார். எனக்குக் கொடுத்துவிட்டு மூட்டைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நனையலயே?"

"இல்ல அண்ணி. இந்தப் பக்கம் ஒழுகாது."

"எங்க வீட்ல எல்லாப் பக்கமும் ஒழுகுது. தகரம் மாத்தச் சொன்னா, போறவன் எதுக்குக் கூரைய மாத்தணும்ங்கறாரு. மூணு மழையா இதே பதில். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு வரமாட்டேங்கறாரு. கோயில்ல தீமிதிக்குப் பேர் குடுக்கலயானு கேட்டா, அப்ப நான் இங்க இருப்பனோ என்னவோங்கறாரு. சாப்பிடறப்பக்கூட விருந்தாளி மாதிரி தட்டுக்கு முன்னால குந்துறாரு." மூட்டையைக் கையால் காட்டினார். "அவரு வீட்ல இல்ல தம்பி. இங்கதான் இருக்காரு."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"இத நீ தூக்கிட்டு வந்து எங்க வீட்ல போட்டா என்ன ஆகும்?"

"பயணம் முறிஞ்சிடும்னு சொன்னாரு."

"ம்." எழுந்து குடையை உதறினார். "நான் எதுவும் கேக்கல, உன் காதுல விழுந்ததா வச்சுக்காத."

அவர் போனபிறகு அந்த மூட்டையைத் தூக்கிப் பார்த்தேன். கனமே இல்லை. கியாக்டடாவில் அவர்கள் வீடு நடந்து போகிற தூரம்தான். மறுபடியும் கீழே வைத்தேன். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. எனக்கு அதில் ஓட்டு இல்லை.

அந்த மழையிலேயே அங்கே ஆட்சியில் இருந்த அம்மாள் கண் கலங்கப் பேசிவிட்டுப் பதவியை விட்டுப் போனார். அடுத்து வந்தவர், எப்படியும் போயே தீருவோம் என்றார். அதற்கும் ஒரு தேதி சொன்னார். மழை விட்டது, அந்தத் தேதியும் தள்ளிப்போனது. கடையில் இப்போது யாரும் கேலி செய்யவில்லை. தோசை கிழிந்தே வந்தது. "மாஸ்டர், இன்னைக்கு சீமை வரைபடமா?" என்று பாய் மட்டும் ஒருநாள் தட்டைப் பார்த்துக் கேட்டார். பழைய வாடிக்கைக்காரர்கள் இட்லிக்கு மாறிக்கொண்டார்கள். முதலாளி இட்லித் தட்டு கூடுதலாக வாங்கினார்.

பனி இறங்கும் மாதம் முடிகிற சமயத்தில் ஒரு வழியாக விலகினார்கள். அங்கே இரவு, இங்கே விடிகிற நேரம். தெருவில் மூடுபனி, தெருக்கோடியில் இருக்கும் பகோடாவின் பொன் முனை மட்டும் மேலே மிதந்துகொண்டிருந்தது. மாஸ்டர் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். நெற்றியில் விபூதி. முதலாளி தம்பிக்குப் போன் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

"போயாச்சுண்ணே," என்றது போன். பின்னால் யாரோ பாடுகிற சத்தம். "ஆனா இந்த வருஷம் முழுக்க எல்லாம் பழையபடிதானாம். பேச்சுவார்த்தை இருக்காம். புதுச் சட்டம் அப்புறம்தான். அதுலயும் படிப்பு, இங்கிலீஷ் பரீட்சை எல்லாம் கேப்பாங்கன்னு பேசிக்கறாங்க. மாஸ்டர் பள்ளிக்கூடம் எது வரைக்கும் போயிருக்காரு?"

கல்லில் எண்ணெய் புகைந்தது.

பாய் மெல்லக் கேட்டார்: "அப்ப போயிட்டாங்களா, இல்லையா?"

"போயிட்டாங்க," என்றார் முதலாளி. "ஆனா அங்கதான் இருக்காங்க."

எல்லோரும் மாஸ்டரைப் பார்க்காமல் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்தான் முதலில் சிரித்தார். வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. சட்டுவத்தைப் பிடித்திருந்த கை குலுங்கியது. "என்னை மாதிரியா?" என்றார். அதற்குப் பிறகு நாங்களும் சிரித்தோம்.

மதியம் அவர் லத்தாவுக்கு வந்தார். சீன வருஷப் பிறப்பு முடிந்து சிவப்பு விளக்குகள் இன்னும் சந்தின் மேல் தொங்கிக்கொண்டிருந்தன. மூட்டையை வைத்த நாளுக்குப் பிறகு அவர் அந்தப் படிகளில் ஏறியதில்லை. காய்ந்த எலுமிச்சம்பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னலில் வைத்தார். முடிச்சில் கை வைத்தார்.

"அண்ணே, பிரிச்சா பயணம்..."

"தெரியும்டா."

அரிசியில் வண்டு விழுந்து பாதி மாவாகியிருந்தது. சட்டையில் மஞ்சள் கறை. சட்டுவத்தில் லேசாகத் துரு. அதைக் கைலி நுனியால் துடைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார். பிடியை உள்ளங்கைக்குள் வைத்து, காற்றில் ஒரு தோசையைத் திருப்பினார். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார். நான் தண்ணீர் எடுக்கப் போவது போலக் கீழே போய், நின்று, திரும்பி வந்தேன்.

மீதியை மறுபடியும் முடிந்து என் பக்கம் தள்ளினார்.

"மூட்டை கிளம்பி வருஷம் ஆகப்போகுது. யாராச்சும் போகணும். நீ போ. சட்டை உனக்கு ஆகும்."

"நான் கிழக்கதானே போறேன்."

"யபாடே," என்றார், பரவாயில்லை என்று பர்மியில். "அது மூட்டைக்குத் தெரியாது."

இரண்டு நாளில் அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்தேன். பஸ்ஸுக்குப் போகும் வழியில் கடையில் ஏறினேன். வாசலில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா நின்றிருந்தது. அதன் மேல் புதுத் தகரங்கள், கயிறு போட்டுக் கட்டி, வெயிலில் கண் கூசின. அண்ணி ரிக்‌ஷாக்காரரோடு வாடகை பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, கையில் இருந்த மூட்டையையும் பார்த்தார். பிறகு அவரிடமே திரும்பிப் பேரத்தைத் தொடர்ந்தார்.

மாஸ்டர் எனக்கு ஒரு தோசை போட்டார். முழுசாக வந்தது.

பகோடா பக்கத்தில் புறாக்கள் கூடுகிற இடத்தில் அரிசியைக் கொட்டினேன். லண்டனுக்கு என்று முடிந்த அரிசி. வண்டையும் சேர்த்துத் தின்றன. பஸ் ஆற்றைத் தாண்டும்போது சட்டையை மாற்றிக்கொண்டேன். தோளில் கொஞ்சம் பெரிது. மௌல்மீனில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு மழைக்காலம் வேலை செய்தேன். ஒன்றுதான்.