முன் சீட்டுக்கு வந்த வசந்தா

ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்ட லைசென்ஸ் வாங்கிவிடலாம். உள்ளே இருக்கும் பதினோரு பேருடைய சண்டையைத் தீர்க்க எந்த ஆபீசிலும் லைசென்ஸ் தருவதில்லை. நாலு பேரை வைத்து வேலை வாங்கியவர்கள், கூட்டுக் குடும்பத்தில் குப்பை கொட்டியவர்கள் எல்லாரும் என் கட்சிதான், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கும் கடல் பாலத்து நெரிசலைப் பற்றியும் சொல்ல வேண்டாம். பெண் பார்க்கிறேன் என்று சொல்லி ஏறிய ஒருவன், அக்கரையில் இறங்கும்போது என் கையில் கல்யாணப் பத்திரிகை கொடுத்தான். நம்பினால் நம்புங்கள்.

மூன்று நிமிஷச் சட்டம்

யாருக்காகவும் மூன்று நிமிஷத்துக்கு மேல் நிற்க மாட்டேன். நாலு நிமிஷம் பிந்தினால் பாலத்தில் முக்கால் மணி நேரம் போய்விடும். மணியமும் அவன் மனைவி வசந்தாவும் ஆறு வருஷமாக என் வேனில் ஒன்றாகப் போகிறவர்கள். அவனுக்குக் கப்பல் பட்டறையில் வேலை, அவளுக்கு மின்சாமான் தொழிற்சாலையில். அன்றைக்கு மணியம் ஏறி உட்கார்ந்துவிட்டான். கேட் வரைக்கும் வந்த வசந்தா என்ன நினைத்தாளோ, திரும்பி வீட்டுக்குள் ஓடினாள். நாலாவது நிமிஷம் பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. எல்லாரும் மணியத்தைப் பார்த்தார்கள். அவன் முகம் கறுத்துவிட்டது. "அவ பஸ்ல வரட்டும், நீங்க எடுங்க அங்கிள்!" என்றான். நானும் எடுத்தேன்.

முனை திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். வசந்தா சிவப்பாக எதையோ ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். பிரேக்கை மிதித்திருக்கலாம். மிதிக்கவில்லை. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

சாவடிக்கு முன்னால் வழக்கம்போல, "பாஸ்போர்ட்டை எடுத்துக்குங்க" என்றேன். மணியம் சட்டையைத் தடவினான், பையைக் கவிழ்த்தான், சத்தமில்லாமல் வைத்திருந்த போனைப் பார்த்தான். ஒன்பது மிஸ்டு கால். அவன் மறந்து வைத்த சிவப்புப் பாஸ்போர்ட்டை எடுக்கத்தான் அவள் உள்ளே ஓடியிருக்கிறாள். ஓரம் கட்டி அவனை இறக்கிவிட்டபோது, முன் சீட்டில் இருந்த பார்வதி அக்கா சொன்னார்: "ஐயையோ, அலமாக்! பொண்டாட்டிய விட்டுட்டு வந்தா அடுத்த நாடுகூட உள்ள விடாது போலிருக்கே."

இடம் மாறியது

மறுநாள் வசந்தா வீட்டு வாசலில் காத்திருக்காமல், நான் வண்டி எடுக்கும் இடத்துக்கே முதல் ஆளாக வந்து முன் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அது பார்வதி அக்காவின் இடம். பின்னால் உட்கார்ந்தால் அவருக்கு வாந்தி வரும். அவர் முணுமுணுத்துக்கொண்டே இரண்டாவது வரிசைக்குப் போனார். அங்கே இருந்த ஹமீது பாய் கடைசி வரிசைக்கு, மணியத்தின் பக்கத்துக்குத் தள்ளப்பட்டார். மேடு பள்ளம் எல்லாம் அந்த வரிசைக்குத்தான் முதலில் தெரியும். "சண்டை அவங்க ரெண்டு பேருக்கு, இடுப்பு வலி எனக்கா?" என்று பாய் வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

முந்தின நாள் வசந்தா அடித்துப் பிடித்துப் பஸ் ஏறி, ஒன்றரை மணி நேரம் பிந்தி வேலைக்குப் போயிருக்கிறாள். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார்களாம். அதைக்கூட அவள் பெரிதாகச் சொல்லவில்லை. சிக்னலில் நிற்கும்போது கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்: "சிங்கப்பூர்லயே ஒரு ரூம் பார்த்திருக்கேன் அங்கிள். ஒண்ணாந் தேதியிலேர்ந்து எனக்கு வேன் வேணாம்."

தூது

வேன் வேண்டாம் என்றால் வீடும் வேண்டாம் என்றுதானே அர்த்தம்? ஒன்றாம் தேதிக்கு இன்னும் பதினோரு நாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. வண்டியை எடுக்கச் சொன்னது அவனாக இருக்கலாம், எடுத்த கால் என்னுடையது. எப்படியாவது ஒட்ட வைத்துவிடலாம் என்று இறங்கினேன். சாயங்காலம் மணியத்தைத்தான் முதலில் ஏற்றுவேன். காலையில் வசந்தாதான் முதலில் வருவாள். இரண்டு பேரோடும் தனியாகப் பேச ஐந்து நிமிஷம் கிடைக்கும்.

வசந்தாவிடம், "மணியம் நேத்து வேன்ல அழுதான்மா. கண்ணாடியெல்லாம் ஆவி படிஞ்சு, வெயில்ல நான் வைப்பர் போட்டு ஓட்டினேன்" என்றேன். அவள் முழுசாகக் கேட்டுக்கொண்டாள். அந்தத் தைரியத்தில் சாயங்காலம் மணியத்திடம், "உன் மனசு மாறணும்னு வசந்தா மூணு நாளா விரதம்டா தம்பி, பச்சைத் தண்ணி பல்லுல படல" என்றேன். அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "நேத்து ராத்திரி என் கண்ணு முன்னாலதான அங்கிள் நாலு ரொட்டி சானாய் சாப்பிட்டா?"

பாலத்தின் நடுவில்

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது பாலத்தில் ஒரு லாரி படுத்துவிட்டது. முன்னாலும் பின்னாலும் வண்டி. இன்ஜின் சூடாகிறதே என்று ஏர்கோனை அணைத்தேன். திடீரென்று வசந்தா பின்னால் திரும்பினாள். ஒன்பது நாளில் புருஷனிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"இந்த வேன்ல நீங்க அழுதீங்களா?"

"நானா? யாரு சொன்னா? நீதான் எனக்காக விரதம் இருந்தியாமே!"

"விரதமா? எவன் சொன்னது?"

பதினோரு தலையும் என் பக்கம் திரும்பியது. இரண்டு பக்கமும் கடல், எங்கே ஓடுவது? இனி ஒரு கதை கட்டவும் நாக்கு எழவில்லை. உண்மையே வந்துவிட்டது. "அன்னிக்கு நீ ஓடி வந்தத கண்ணாடியில பார்த்தேன்மா. நிறுத்தல. முனைக்கு வந்ததும் மணியமே நிறுத்தச் சொல்லிருவான்னு நெனச்சேன்."

கடைசி வரிசையில் மணியம் எழுந்தே விட்டான். "ஐயோ அங்கிள், நீங்க எடுக்க மாட்டீங்கன்னு நெனச்சுத்தானே நான் எடுங்கன்னு சொன்னேன்!"

வசந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆறு வருஷத்துல உங்கள விட்டுட்டு ஒரு நாளு நான் ஏறியிருக்கேனா?" என்று கேட்டாள். "இல்ல. பத்து பேரு பார்த்ததும் ரோஷம் வந்திருச்சு. தப்பு என்னோடதுதான்லா" என்றான் அவன். குரல் உடைந்திருந்தது, இதை நான் மிகைப்படுத்தவில்லை.

அவள் சீட்டுகளுக்கு நடுவில் புகுந்து பின்னால் போனாள். ஹமீது பாய் சொல்லாமலே எழுந்து இடம் விட்டார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் தணிந்த குரலில் பேசினார்கள். பிறகு குரல் உயர்ந்தது, ஆனால் ஒருவர் மேல் ஒருவர் இல்லை, இரண்டு பேரும் சேர்ந்து என் மேல். அவன் விட்ட இடத்தில் அவள் பிடித்தாள், அவள் விட்ட இடத்தில் அவன். லாரியை இழுத்துப் போட்டு வரிசை நகர்ந்தபோது வசந்தா முடிவைச் சொன்னாள்: "ரூம் வேணாம்னு இன்னிக்கே சொல்லிடுறேன். ஆனா ஒண்ணாந் தேதியிலேர்ந்து நாங்க ரெண்டு பேரும் வேற வேன்தான் அங்கிள்."

சண்டையைத் தீர்த்துத் தீர்த்தே ஆள் குறைந்துபோன வேன் ஜொகூர் முழுக்கத் தேடினாலும் என்னுடையது ஒன்றுதான் இருக்கும்.