கை நனைக்காத விருந்து

என் தாய்மாமா கொல்லம் பக்கத்துப் பீங்கான் ஆலை ஒன்றில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு விருத்தாசலத்துக்குத் திரும்பியபோது, நேந்திரம் சிப்ஸ் இருக்கும் என்று நாங்கள் அவர் பையைத் துழாவினோம். அவர் கொண்டுவந்திருந்தது கதைகளைத்தான். அந்த நாட்டில் ஒரு காலத்தில் எங்களைப் போன்றவர்கள் பொதுத்தெருவில் நடக்கக் கூடாதாம். ஒருவர் தலைப்பாகை கட்டி, மாட்டுவண்டியில் ஏறி, அந்தத் தெருவிலேயே ஓட்டிக்கொண்டு போனாராம். இன்னொருவர் எல்லாச் சாதியையும் ஒரே பந்தியில் உட்காரவைத்து, பலாக்கொட்டையும் கடலையும் போட்ட கறியைப் பரிமாறினாராம். சொந்தச் சாதிக்காரர்களே அவரைத் தள்ளிவைத்து, எங்களைப் போன்றவர்களின் சாதிப் பெயரைச் சொல்லி வைதார்களாம். அவர் அதையே பட்டம்போல் வைத்துக்கொண்டாராம். "இப்ப அங்க எல்லாரும் திருந்திட்டாங்களா?" என்று அப்பா கேட்டால் மட்டும் மாமா பேச்சை மாற்றிவிடுவார்.

திரும்பி வந்த மாமா, அம்மா வேலை பார்த்த பீங்கான் ஷெட்டிலேயே சேர்ந்தார். அம்மா அங்கே கப்புகளுக்கு மேல்பூச்சு கொடுப்பாள். வேலையாட்களில் பாதிப் பேர் எங்கள் காலனி, பாதிப் பேர் ஊர்த்தெரு. ஆயுத பூசைக்கு ஆளுக்கொரு பொரிப் பொட்டலம் கொடுப்பதுதான் வழக்கம். அந்த வருடம் மாமா முதலாளியிடம் போய், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம், என் அக்கா சமைக்கட்டும் என்று கேட்டார். முதலாளி உடனே சரி என்றார். யாருக்கும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர்.

"அவங்க சாப்புடுவாங்களான்னு மொதல்ல பாரு" என்றார் அப்பா.

"நான் பூச்சு குடுத்த கப்புலதான வூட்டுக்கு வூடு டீ குடிக்கிறாங்க? சோத்துக்கு மட்டும் என் கையி ஆவாதா?" என்றாள் அம்மா. சொன்னாளே தவிர அவளுக்கும் பயம்தான். புரட்டாசி மாதமாயிற்றே என்று கறியில் வெங்காயம்கூடச் சேர்க்கவில்லை. கோடையில் பண்ருட்டியிலிருந்து வந்த பலாவின் கொட்டைகளை மணலில் போட்டு வைத்திருந்தாள். அத்தனையையும் எடுத்துக் கடலையோடு வேகவைத்தாள். சாம்பார், ரசம், பாயசம் எல்லாம் இருந்தது. உப்பு சரியா என்று என்னிடம் பலமுறை கேட்டாள்.

ஷெட்டில் பாய் விரித்து இலை போட்டார்கள். காலனி ஆள் ஒருவர், ஊர்த்தெரு ஆள் ஒருவர் என்று மாமா மாற்றி மாற்றி உட்காரவைத்தார். முதலாளியும் பந்தியில் உட்கார்ந்தார். போட்டோ எடுத்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான் கடைசி இலையில் உட்கார்ந்து பாயசத்தில் மூழ்கியிருந்தேன்.

நிமிர்ந்து பார்த்தபோது ஊர்த்தெருக்காரர்கள் இலை ஓரத்து வாழைப்பழத்தை மட்டும் உரித்துத் தின்றுவிட்டு, இலையை மரியாதையாக மூடிக்கொண்டிருந்தார்கள். எடுக்கப் போன அம்மா ஒரு இலையைத் தூக்கினாள். கனத்தது. பிரித்தாள். வைத்த சோறு வைத்தபடி இருந்தது.

"ஒன்னும் மனசுல வச்சிக்காதம்மா. பொரட்டாசி இல்லியா, வெளியில கை நனைக்கறதில்ல" என்றார் மேஸ்திரி.

"மரக்கறிதாங்க, வெங்காயங்கூட போடல" என்றார் மாமா.

"வெரதம்னா வெரதந்தான தம்பி."

ஊர்த்தெரு ஆட்கள் அத்தனை பேருக்கும் அன்று விரதம். முதலாளிக்கு மட்டும் டாக்டர் சோறே தொடக் கூடாது என்று சொல்லியிருந்தாராம்.

இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது. அதே புரட்டாசியில் அதே ஆட்கள் தினமும் காலையில் ஜங்ஷன் ரோட்டு ஓட்டலில் இட்லிக்குச் சட்னி கேட்டு வாங்கித் தின்றார்கள். அது வெளி இல்லையா? வர மாட்டோம் என்று சொல்லியிருந்தால் அது ஒரு நேர்மை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். வந்து உட்கார்ந்து, போட்டோவுக்குச் சிரித்து, என் அம்மாவின் சோற்றை இலையால் மூடிவைத்தவர்களை என்ன செய்வது? போட்டோ வேறு அந்த ஷெட்டில் பல வருடம் மாட்டியிருந்தது.

அன்று எனக்கு இதெல்லாம் உறைக்கவில்லை. ஒரு தெருவே சேர்ந்து விரதம் இருக்கிறதே, நாம் மட்டும் ஏன் எப்போதும் தின்றுகொண்டிருக்கிறோம் என்று அவர்களுடைய பக்தியை நினைத்துப் பொறாமைப்பட்டேன்.

அவர்கள் கிளம்ப எழுந்தார்கள். அம்மா வாசலை ஒட்டி ஒரு இலையைப் போட்டு உட்கார்ந்தாள். அவளைத் தாண்டாமல் யாரும் வெளியே போக முடியாது.

"என்னம்மா இது, வழியில?" என்றார் மேஸ்திரி.

"பசிக்குதுங்க. செத்த இருங்க, சாப்புட்டு எந்திரிக்கிறேன்."

மாமா பரிமாறினார். அம்மா பலாக்கொட்டைக் கறியை இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள். ஒவ்வொருவர் முகமாக நிமிர்ந்து பார்த்துக்கொண்டே, நிதானமாக, ரசம் வரைக்கும் சாப்பிட்டாள். முதலாளி உட்பட அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். விடியற்காலையிலிருந்து அடுப்படியில் வெந்தவள், பாவம், பசி தாங்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அதற்காக விரதக்காரர்கள் எதிரிலேயா சாப்பிடுவது? எனக்கு வெட்கமாகிவிட்டது. கிட்டே போய் அவள் காதில் சொன்னேன்: "சீக்கிரம் சாப்புடும்மா, எல்லாரும் பாக்கறாங்க."