கலேவெல வீட்டுப் பியானோவுல இரைஞ்ச சத்தம்

நீ கேட்ட கல்யாணக் கதைய பொறகு சொல்றேன் மல்லிகா, மொதல்ல நான் நேத்து கலேவெல போய்ட்டு வந்தத கேளு. எம் மருமக செல்வி பியானோ ரிப்பேர் பண்றவதானே, அவளுக்கு அங்க ஒரு வேலை. தொணைக்கு நானும் கெளம்பிட்டேன்.

மாத்தளையில விடியக்கால பஸ்ஸு. போர்டு வாசிக்கத் தெரியாட்டி என்ன, கண்டக்டர் கத்துறதுதான் எனக்குப் போர்டு. "அம்மே, இஸ்ஸரஹட யன்ன!"ன்னு சிங்களத்துல கத்தினான். "இன்னும் முன்னுக்குப் போய் டிரைவர் மடியிலயா ஒக்கார?"ன்னேன். பஸ்ஸே சிரிச்சிச்சு. வஹகோட்டை தாண்டினா நம்ம பக்கத்துக் குளுமையே இல்ல புள்ள, வெயிலும் வயலுமா கெடக்கு.

வீட்டுக்காரம்மா பியானோ டீச்சர், அவங்க வூட்டுக்காரருக்கு வெங்காய யாவாரம். பியானோ கட்டில் சைஸு, மூணு கால்ல நிக்கிது. மூடியத் தூக்கினா உள்ள பூராக் கம்பி. ஒரு கட்டைய அமுக்கினா 'ஞிர்ர்ர்'ன்னு வண்டு மாதிரி இரையுது. இதுக்கு முந்தி ரிப்பேருக்கு வந்த ஆளு, கம்பிக்குக் கீழ இருக்குற அடிப்பலகை வெடிச்சிருச்சு, சரி பண்ண ஏலாதுன்னுட்டானாம். வூட்டுக்காரர் அத வித்தே போட்டாரு. மக்கா நாளே, விடிஞ்சா அத ஏத்த லொறி வருது. டீச்சர் மொகத்துல ஈ ஆடல.

"வித்துட்டா சத்தமும் போயிரும்தானே?"ன்னாரு அவரு.

"லொறி வாறதுக்குள்ள புடிச்சிர்றேன் ஐயா"ன்னா செல்வி.

அவ அதே கட்டைய தட்டிக்கிட்டே இருக்கா, எது கூடச் சேந்து அதிருதுன்னு பாக்க, நாங்க வீட்டுச் சாமானெல்லாம் ஒன்னொன்னா கையால அமுக்கிப் பிடிக்கிறோம். பூச்சாடியப் பிடிச்சோம், இல்ல. செவுத்துல சாமி படக் கண்ணாடியப் பிடிச்சேன், பாதி சத்தம் அடங்கிருச்சு! பின்னுக்குக் கடதாசி மடிச்சு வச்சா. காலால மிதிக்கிறது கீச்சுன்னுச்சு, அதையும் சரி பண்ணினா. ஆனா அந்த வண்டு மட்டும் போகல. சோத்துக்குக் கூப்பிட்டாங்க, அவ எந்திரிக்கல.

"பஸ்ஸு போயிரும்டி"ன்னேன்.

"போகட்டும் அத்தை. டோர்ச்ச பிடிங்க."

ஒல்லியான தகடு ஒன்னுல துணி சுத்தி, கம்பிக்கு அடியில விட்டு இழுத்தா. என்னா வந்துச்சுங்கற? மஞ்ச அரிசி! கை நெறைய!

டீச்சர் வூட்டுக்காரரப் பாத்தாங்க. அவரு கூரையப் பாத்தாரு. வருசா வருசம் சரஸ்வதி பூசைக்கு மூடியத் தொறந்து, உள்ளுக்கே அட்சதை போடுறது அவருதானாம்!

"பூசைத் தட்டுல வைக்க ஏலாத சாமான்... வேற எப்பிடிப் போடுறது?"ன்னாரு மெதுவா.

"பலகை நல்லாத்தான் இருக்கு ஐயா. அரிசிதான் அது மேல குதிக்குது"ன்னா செல்வி. தொடச்சு எடுத்துட்டு அமுக்கினா பாரு, இரைச்சலே இல்லாம சத்தம் சுத்தமா வந்துச்சு. டீச்சர் ஒக்காந்து வாசிக்க ஆரம்பிச்சவங்க நிறுத்தவே இல்ல. அவரு வாசலுக்குப் போய், லொறி வேணாம்னு போன் பண்ணினாரு.

அப்பறம் என்னா செஞ்சாருங்கற? சந்தோசத்துல நேரா சாமி ரூமுக்குப் போய், கை நெறைய அட்சதையோட வாராரு! செல்வி மூடிய டொக்குனு சாத்திட்டா.

"ஐயா, எங்க தலையில போடுங்க!"

போட்டாரு, ரெண்டு கையாலயும். இந்தா, காலையில தலை சீவுறேன், சீப்புல அரிசி... ஐயோ, அடுப்புல பருப்பு அடிப்புடிக்கிது மல்லிகா, இரு!