அம்மா வைத்த ஒரே பெயர்

எங்கள் அம்மாவின் முப்பத்தோராம் நாள் கடமைகளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் ஊரவர்களுக்கும் மூத்த மகள் எழுதுவது. அம்மாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். நல்லது நிறைய உண்டு. பசித்து வந்தவரை அம்மா வெறும் வயிற்றோடு அனுப்பியதில்லை என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் அவருடைய வாழ்க்கையில் பாதியை ஒரு பெயர் தின்றுவிட்டது. அதை விட்டுவிட்டு எழுதினால் இது வேறு யாருக்கோ போட்ட மலராகிவிடும்.

அம்மா கரடியனாற்றில், வேளாண்மைக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவைக் கலியாணம் முடித்து வாவிக்கரையோரம் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்தார். அப்பாவின் வயல் மழையை நம்பிய வயல். தம்பி வயிற்றில் இருந்த வருடம் மாரி பிந்திவிட்டது. எங்கள் வயல் வட்டையில் ஒருவர் வயலிலும் பச்சை இல்லை. முளைத்த நெல் கருகத் தொடங்கியிருந்தது. நோவு கண்டதும் அம்மாவைத் தோணியில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குப் போக வாவியைக் கடந்தார்கள். நடு வாவியில் முகில் கட்டியது. கரை சேருமுன் எல்லோரும் தெப்பமாக நனைந்துவிட்டார்கள். நோவையும் மறந்து அம்மா சிரித்தார் என்று அப்பா சொல்வார். தம்பி பிறந்தான். வேளாண்மையும் பிழைத்தது.

ஆண் பிள்ளையென்றால் கணேசன் என்று வைப்பதாக அப்பா களுதாவளைப் பிள்ளையாருக்கு நேர்ந்திருந்தார். எனக்கும் தங்கைக்கும் அப்பாவே பெயர் வைத்தவர். அப்போதெல்லாம் அம்மா வாய் திறக்கவில்லை. இம்முறை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

“முகிலன் எண்டு வைப்பம். புள்ளையாருக்கு நான் பதில் சொல்லுறன்,” என்றாராம்.

அந்தப் பெயரில் அப்படி என்ன கண்டீர்கள் என்று பின்னாளில் கேட்டிருக்கிறேன். “முகில் ஆர்ர வயல் எண்டு பாக்காது, புள்ள. எல்லாருக்கும் ஒரேமாதிரித்தான் பெய்யும். இவனும் அப்பிடி இரிக்கட்டும்,” என்றார். தம்பியும் அப்படித்தான் வளர்ந்தான். அடுத்தவர் வயலில் வாய்க்கால் அடைத்துக் கிடந்தால், கேட்காமலே மண்வெட்டியோடு இறங்கிவிடுவான். சொந்த வேலை கிடந்து காயும். அப்பாவுக்கு அதில் கோபம்தான்.

அப்பா காலமான பின் சண்டை வந்தது. இயக்கத்துக்குப் போன பிள்ளைகளுக்கு அங்கே இப்படியான தமிழ்ப் பெயர்களை வைத்தார்கள். சோதனைச் சாவடியில் முகிலன் என்றாலே ஒருமாதிரிப் பார்த்தார்கள். அம்மா பயந்துபோனார். “ஆராவது கேட்டா கணேசன் எண்டு சொல்லு, மனே,” என்று தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தார். முன்பு தானே வேண்டாம் என்ற பெயர்.

படையினரின் சுற்றிவளைப்பு நடந்த காலையில் தம்பி வயலில் நின்றான். கழற்றிப் போட்ட சேட்டு வீட்டில் கிடந்தது. அடையாள அட்டை சேட்டுப் பையில். மற்றப் பிள்ளைகளோடு பள்ளிக்கூட வளவில் அவனையும் இருத்தினார்கள். பெயர் கேட்டபோது, சொல்லிக்கொடுத்தபடியே கணேசன் என்றான். அட்டை இல்லாததால் மறித்திருக்கிறார்கள் என்று அறிந்த அம்மா வீட்டுக்கு ஓடி, அதை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்து நீட்டினார். அதில் முகிலன் என்று இருந்தது.

நான் பக்கத்தில் நின்றேன். படையினருக்கு மொழிபெயர்த்தவர் அட்டையைப் பார்த்தார். “ரெண்டு பேரோட திரியிறவன் ஆரெண்டு எங்களுக்குத் தெரியும்,” என்றார். “ஐயா, நான்தான் பொய் சொல்லச் சொன்னது. ரெண்டும் தாய் குடுத்த பேர்தான்,” என்று அம்மா கும்பிட்டார். கேட்பாரில்லை. தம்பி என்னைப் பார்த்து, “அக்கா, அம்மாவ வீட்ட கூட்டிப் போங்க,” என்றான். அவனை ஏற்றிக்கொண்டு வாகனம் போய்விட்டது.

அதன்பின் அம்மா ஏறி இறங்காத முகாம் இல்லை. எந்த வாசலிலும் இரண்டு பெயரையும் சொல்லிக் கேட்டார். இரண்டு பெயரிலும் ஒருவரும் இல்லை என்றார்கள். “கணேசன் எண்டே வெச்சிருந்தா விட்டிருப்பானுகள்,” என்பார் ஒருநாள். “அட்டைய எடுத்துப் போகாம இருந்திருக்கலாம்,” என்பார் மறுநாள். உங்கள் பிழை இல்லை என்று நாங்கள் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

அடுத்த வருடம் தங்கைக்கு ஆண் பிள்ளை பிறந்தது. இறந்தவர் பெயரைப் பிறந்த பிள்ளைக்கு வைப்பது நம்மிடையே வழக்கம். முகிலன் என்று வைக்கச் சொன்னார்கள். அம்மா எழுந்து நின்றுவிட்டார். “இரிக்கிறவன்ர பேர எடுத்து மத்தவனுக்கு வைக்கிறதா? அவன் வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?” என்றார். பிறகு ஒருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கடைசி மாதங்களில் அம்மாவுக்கு நடை இல்லாமல் போனது. மழை இருட்டினால் பாயை வாசலருகே போடச் சொல்வார். ஒரு பதிலும் கிடைக்காமலே கண்ணை மூடினார். ஆறுதலாக ஏதாவது எழுதலாமென்று பார்த்தேன். எழுத ஒன்றும் இல்லை. சண்டையும் இன்னும் ஓயவில்லை.

நோயில் தூக்கி இறக்கிய அயலவர்களுக்கும், தமிழரும் முஸ்லிம்களும் ஆளையாள் நம்பாத காலத்திலும் தன் வான் வண்டியில் அம்மாவை முகாம் வாசல்களுக்குக் கூட்டிப்போன ஏறாவூர் நானாவுக்கும், செத்தவீட்டில் அடுப்படியைப் பொறுப்பெடுத்த பெண்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

எட்டாம் நாளன்று, மறுபடி நிறைமாதமாக இருக்கும் தங்கையிடம் உறவினர் ஒருவர், “பொடியன் பிறந்தா இப்பவாவது முகிலன் எண்டு வையுங்க, புள்ள. அம்மாவும் இல்லத்தானே,” என்றார். தங்கை என்னைப் பார்த்தாள். அம்மாவிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்துவிட்டது. தம்பி உயிரோடு இருக்கிறான் என்று நான் நம்பவில்லை; நம்பிப் பல வருடமாகிவிட்டது. ஆனாலும் சொன்னேன்.

“வேணாம். அது ஆள் இரிக்கிற பேர்.”