சனிக்கு நேரே போன கலம்

எழுபத்தொன்பதில் நான் மலையாள நாட்டுச் சித்தூரில் அறிவியல் வாத்தியார். அந்த வருஷம்தான் முதன்முதலாக ஒரு விண்கலம் சனிக் கிரகத்தின் அருகே போனது. மலையாளப் பத்திரிகையில் வளையத்தோடு வந்திருந்த படத்தை என் மனைவியிடம் நீட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்தாள். கோயிலிலும் சனி பகவானுக்கு நேர் எதிரே யாரும் நிற்பதில்லை. பார்வை பட்டுவிடும் என்று பயம்.

"வெறும் படம் புள்ள இது!" என்று எரிந்து விழுந்தேன்.

"ஏனுங்க, அதுல ஆளு யாராச்சும் இருக்காங்களா?"

"இல்ல. மெஷின் மட்டுந்தான்."

"திரும்பி வந்துருமுங்களா?"

"வராது. அப்பிடியே போயிட்டே இருக்கும்."

ஊருக்கெல்லாம் அறிவியல் நடத்தி என்ன பிரயோஜனம் என்று நான் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை கோயிலுக்குப் போனோம். பழக்கதோஷம், நானும் சனி சந்நிதிக்கு நேரே நிற்காமல் ஒதுங்கித்தான் நின்றேன். எப்போதும் ஒரே ஒரு எள் விளக்குப் போடுகிறவள் அன்று இரண்டு ஏற்றினாள்.

"எதுக்கு ரெண்டு?" என்றேன்.

"ஒண்ணு நமக்குங்க. இன்னொண்ணு அந்த மெஷினுக்கு. தொணைக்கு ஆருமில்லாம, நேருக்கு நேரா போயி நின்னுருச்சில்லீங்க, பாவம்."