வேலை செய்யாத மண்

தாம்பரம் பக்கம் ஒரு கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறேன். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இங்கே இடம் இல்லை. குடும்பத்துக்கு ஒரு குழிதான். முதலில் போனவரின் குழியைப் பல வருஷம் கழித்துத் திறந்தால் எலும்புதான் இருக்கும். அதைத் துணியில் கட்டி ஓரமாக வைத்துவிட்டு அடுத்தவரை இறக்குவோம்.

போன வருஷம் ஒரு டீச்சரம்மா இறந்தார். மகன் பெருங்களத்தூர் ஃபிளாட்டிலிருந்து விடிந்ததும் வந்தார்.

“அண்ணா, அப்பாகூடவே வைக்கணும்னு அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க. வேற எதுவுமே கேக்கல. சாயந்திரம் நாலு மணிக்கு அடக்கம்.”

“ஆவட்டும் சார். அப்பாவுக்குப் பதினாறு வருசம் ஆச்சு. எலும்புதான் இருக்கும்.”

மேலே ஒட்டியிருந்த டைல்ஸைப் பெயர்த்தேன். கீழே கருப்பு மண். நாலடியில் மண்வெட்டி துணியில் மாட்டியது. கையால் விலக்கிப் பார்த்தேன். கோட்டு அப்படியே இருந்தது. ஆளும் முக்கால்வாசி அப்படியே. மண்ணைத் தள்ளி மூடிவிட்டு மேலே ஏறி உட்கார்ந்தேன்.

அந்தக் கருப்பு மண் அவரைப் புதைப்பதற்கு முன்னால் என் கையால் பரப்பியது. அதில் வெட்டிய குழியைத் திரும்பத் திறப்பது இதுதான் முதல் தடவை. மழைக்கு இங்கே இடுப்பளவு தண்ணீர் நிற்கும். மேடு ஆக்கலாம் என்று தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கிற பட்டறை ஒன்றிலிருந்து எரிந்த மணலை லாரி லாரியாக வாங்கினார்கள். சும்மா கொடுத்தார்கள். அதில் புல்லே முளைக்கவில்லை. களை பிடுங்குகிற வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். புல்லுக்கு ஆகாதது மனுஷனுக்கும் ஆகாது என்று தோன்றவில்லை.

மகனைக் கூப்பிட்டேன்.

“சார், இன்னும் ஆவல.”

“என்னண்ணா ஆகல?”

“அப்பா இன்னும் அப்பாவாத்தான் கீறாரு.”

அவர் மதிலைப் பிடித்துக்கொண்டார். “பதினாறு வருஷம்ணா. எப்படி?”

“அது மண்ணு இல்ல சார். பட்டறைல எரிஞ்ச மணலு. உசுரு இல்ல அதுல. நான்தான் பரப்புனேன்.”

“மேலயே வைக்க முடியாதா?”

“ஆழம் பத்தாது சார். கீழ போனா தண்ணி.”

பின்பக்க மதில் மூலையில் இலைச் சருகைக் குவித்து வைப்பேன். லாரி அங்கே நுழையவில்லை. அதனால் பழைய மண் இருந்தது. சருகை ஒதுக்கி வெட்டினேன். மண்வெட்டி சத்தமில்லாமல் இறங்கியது. வெட்டிய இடமெல்லாம் புழு நெளிந்தது. டீச்சரம்மாவை அங்கே வைத்தோம். இருவருக்கும் நடுவில் ஆறு வரிசைக் கல்லறை.

எல்லாரும் போன பிறகு மகன் நின்றார்.

“அப்பா எலும்பானதும் இங்க கொண்டுவந்துடலாமாண்ணா?”

“கொண்டாரலாம் சார்.”

“எப்போ?”

மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன்.

அப்பா குழியில் டைல்ஸைத் திரும்ப ஒட்ட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். மேல் மணலை இரண்டடி வாரி எடுத்தேன். மூலையிலிருந்து பழைய மண்ணைக் கூடையில் சுமந்து கொட்டினேன். மக்கின இலை, மாட்டுச் சாணம் கலந்தேன். கோடையில் தண்ணீர் விட்டேன்.

வாசலில் பூ விற்கிற அம்மா பார்த்துவிட்டது.

“இன்னாண்ணா, பொணத்துக்கு எரு போட்டு வளக்கிறியா?”

“ஆமா. நீ வா, உனக்கும் ரெண்டு கூடை சேத்துப் போடறேன்.”

“உன் வாயில மண்ணப் போட!”

“நல்ல மண்ணா பாத்துப் போடு.”

அன்றைக்குச் சிரித்தோம். முட்டி வலிக்கிறது. ஒரு குழிக்கு இந்தப் பாடு. மற்ற வரிசையெல்லாம் அதே கருப்பு மணல், மேலே டைல்ஸ், சிமெண்ட். அத்தனைக்கும் சுமக்க என்னால் முடியாது. மூலையில் அவ்வளவு மண்ணும் இல்லை.

மகன் மாதம் ஒரு தடவை போன் செய்கிறார். முதலில் என் உடம்பை விசாரிப்பார். பிறகு கேட்பார்.

“ஆச்சாண்ணா?”

“இன்னும் இல்ல சார்.”

“சரிண்ணா” என்று வைத்துவிடுவார்.